ஒன்று புள்ளி இரண்டு

ஜூலை. இரவு இரண்டேகால்.
சயானில் ரயில்கள் நின்று மூன்று மணி நேரம்.
முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்துவிட்டாள்
ஆவுடைச்செல்வி.
தோளில் பிள்ளை.
பிள்ளைக்குள் வேறு யாரோ
கதவை உதைப்பதுபோல் இழுப்பு.

வாசலிலேயே இருவரையும் சேர்த்துத் தராசில் ஏற்றினேன்.
தாயைக் கழித்தேன்.
நனைந்த கவுனையும் கழுத்துத் துண்டையும் கழித்தேன்.
மிச்சம் பன்னிரண்டு கிலோ.
நாலு வயதுக்குக் குறைவுதான்,
ஆனால் மருந்து வயதைக் கேட்பதில்லை.

சுனந்தா ஆக்சிஜனை மாட்டுகிறாள்.
டாக்டர் தேவ்ருக்கர் எழுதுகிறார்,
முப்பது மணி நேரம் மூடாத கண்ணோடு.
மிடஸோலம்.
கிலோவுக்குப் பத்தில் ஒன்று.
பன்னிரண்டுக்கு ஒன்று புள்ளி இரண்டு.
கணக்கு சரி. மனதில் புள்ளி இருந்திருக்கிறது.
தாளில் 12 என்றிருக்கிறது.

தாராவி முனிசிபல் பள்ளியில், தமிழ் வகுப்பில்,
கூரை ஒழுகும் பெஞ்சில் நான் படித்தது இவ்வளவுதான்:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அது மெய்,
வெறும் உடம்பு.
புள்ளியை அழித்தால்
உயிர் வந்து ஏறிக்கொள்ளும்.

இந்த வார்டில் இலக்கணம் தலைகீழ்.

"சார், பாயின்ட்" என்றேன்.
நிமிர்ந்தார். கோபமில்லை, நன்றியுமில்லை.
பேனாவை ஊன்றினார்.
ஊசிக்குழலில் ஒன்று புள்ளி இரண்டு ஏற்றி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு கண்ணீர்த்துளி அளவு கூட இல்லை என்பார்கள்,
பார்க்கிறவர்கள்.

வழியில் ஏதும் கொடுத்தாயா என்று
டாக்டர் ஹிந்தியில் கேட்டிருந்தார்.
குச் நஹி என்றிருந்தாள்.
நான் தமிழில் கேட்டேன்:
"யாரும் திட்டமாட்டாங்க. எத்தனை அடிச்சீங்க மூக்குல?"

ரெண்டு, என்றாள்.
நிக்கலை, அதனால இன்னும் ரெண்டு.
மாடி வீட்டுக்காரி பதறி ரெண்டு.
அப்புறம் சந்து டாக்டர் தொடையில ஒண்ணு.
என்ன மருந்து?
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
பத்து ரூபாய்த் தாளுக்குள் சுற்றி
உடைந்த ஆம்பூல்.
மருந்தின் பெயர் பாதி தெரிந்தது. போதும்.

ஆக, அந்த இரவுக்கான தூக்கம் முழுவதும்
நான்கு பேர் கையால்
முன்பே அவளுக்குள் ஊற்றப்பட்டிருந்தது.
புள்ளி திருத்திய சரியான அளவும்
இப்போது தப்பான அளவு.
நான்கு பேரும் அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.
அவர்களில் யாரிடமும்
மற்ற மூவரின் கணக்கு இல்லை.

ஊசிக்குழலைத் தட்டில் வைத்தேன்.
டாக்டர் வரியை அடித்தார். மறுபடி எழுதினார்.
ஃபெனிடாயின், இருநூற்று நாற்பது.
இருபது நிமிடம். ஒரு நிமிடமும் குறையாமல்.

ஊதுபையைத் தலையணையருகே வைத்துக்கொண்டு
அவள் விலா எலும்புகளை எண்ணினேன்.
எலும்புகளை அல்ல, அவை ஏறி இறங்குவதை.
பதினெட்டு.
பதினாறு.
பதினாறு.
ஆவுடைச்செல்வி என் உதட்டையே பார்த்தாள்.
அவளுக்குப் புரியட்டும் என்று
சத்தமாக எண்ணினேன்.
பதினேழில் இழுப்பு நின்றது.
சரியாக நின்றதா என்று
இன்னும் இரண்டு நிமிடம் எண்ணினேன்.

ஆறரைக்கு நிவாஷினி விழித்தாள்.
கையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்க்கப் பார்த்தாள்.
என்னைப் பார்த்து "போ" என்றாள்.
மாதுங்கா பக்கம் முதல் ரயில்
தண்ணீரை உழுதுகொண்டு போகிற சத்தம்.

ஆம்பூல் எண்ணைப் பதிந்து,
சந்து டாக்டர் பெயரைக் கேட்டுக் குறித்து,
பதிவேட்டைப் புரட்டினேன்.

டாக்டர் ஊன்றிய பேனா
தாளைத் துளைத்திருக்கிறது.
புள்ளி கீழ்ப் பக்கத்தில் இறங்கி
ஒன்பதாம் படுக்கைப் பையனின் 150இல்
ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே
உட்கார்ந்திருக்கிறது,
அங்கேயே பிறந்ததுபோல.

டூட்டி முடிந்திருந்தது.
பையைக் கழற்றி மறுபடி மேசையில் வைத்தேன்.
அந்த வரியை அடித்து,
நூற்றைம்பது என்று எழுத்தால் எழுதக் கேட்டு,
தேவ்ருக்கரை எழுப்பப் போனேன்.